மலைச் சேற்றுக்கு எந்த ஃபுட்போர்டு? – என் அனுபவம்

ஐப்பசி மழையில் தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலைப் பக்கம் போய்வந்தால் ஜீப்பின் அகலத் தகட்டு ஃபுட்போர்டில் செம்மண் சேறு அப்பிக்கொள்ளும். ஏறும்போது கால் வழுக்கும். ரப்பர் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கித் துருவும் பிடித்தது. அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையும் பல்லும் உள்ள மிதி வைத்த இரும்புக் குழாய் ஸ்டெப் மாட்டினேன். சேறு ஓட்டை வழியே விழுந்துவிடுகிறது.

ஸ்டெப்பைத் தாங்கும் பிராக்கெட்டைச் சேஸிஸில்தான் (வண்டியின் அடிச்சட்டம்) பிடிக்க வேண்டும். பாடியில் பிடித்தால், பாறையில் இடிக்கும்போது கதவுக்கு அடியில் உள்ள தகடே நெளியும். சேஸிஸில் புதிதாகத் துளை போடவே வேண்டாம், இருக்கும் துளை போதும். 8 எம்.எம். போல்ட், 8.8 கிரேடு (போல்ட்டின் வலிமைக் குறி), நைலாக் நட் (எளிதில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நட்). டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம். 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள், பெயிண்ட் அமுங்கித் தளர்ந்திருக்கும். ஸ்டெப் சேஸிஸுக்குக் கீழே தொங்கினால் கல்மேட்டில் முதலில் தட்டுவது அதுதான்.