முன்தோல் பின்னால் போகவில்லையா? கத்திக்கு முன் பார்க்க வேண்டியவை

முழுப் பரீட்சை லீவு விட்டதும் எங்கள் குழந்தைகள் அறுவை சிகிச்சை ஓ.பி.யில் இரண்டு வகைப் பெற்றோர் வந்து நிற்பார்கள். ஒரு வகை, சுன்னத்துக்கு, அதாவது பையனின் முன்தோலை நீக்க, நாள் கேட்டு வருபவர்கள். இன்னொரு வகை, "சிஸ்டர், இவனுக்குத் தோல் பின்னாடியே போக மாட்டேங்குது, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க" என்று கலங்கிப்போய் வருபவர்கள். சுன்னத் மார்க்கக் கடமை. அதைப் பத்திரமாகச் செய்துகொள்வது எப்படி என்று மட்டும் சொல்வேன். இரண்டாவது வகையினரிடம் முதலில் சொல்வது: அவசரப்படாதீர்கள்.

பிறக்கும்போது முன்தோல் ஆணுறுப்பின் நுனியான மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத் தானாகப் பிரியும். ஒருவனுக்கு 3 வயதில், ஒருவனுக்கு 12 வயதில். டென்மார்க்கில் யாக்கோப் ஓஸ்டர் என்ற டாக்டர் பள்ளிப் பையன்களை வருஷக்கணக்கில் பரிசோதித்து 1968இல் எழுதியிருக்கிறார். 6, 7 வயதில் 100க்கு 8 பேருக்குத் தோல் இறுக்கம் இருந்தது; 16, 17 வயதில் ஒருவருக்குத்தான். பெரும்பாலும் அறுக்காமலே சரியானது அது.

அதனால் குளிப்பாட்டும்போது எண்ணெய் விட்டுத் தோலைப் பின்னுக்கு இழுக்கும் பாட்டிமார் தயவுசெய்து கையை எடுத்துவிடுங்கள். இழுத்தால் கீறும், கீறினால் தழும்பாகும், தழும்பு சுருங்கினால் இல்லாத இறுக்கம் நிஜமாகவே வந்துவிடும். ஒண்ணுக்குப் போகையில் நுனி உப்புகிறது என்பதும் தனியாக ஒரு நோயல்ல. தோலுக்கடியில் வெள்ளையாக உருண்டை தெரிந்தால் அது சீழும் அல்ல. உதிர்ந்த தோல் செல் திரண்டிருக்கிறது, தானே வெளியேறும்.

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்? டாக்டர் தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பார். சாதாரணக் குழந்தைக்கு உள்தோல் இளஞ்சிவப்பாக, பூ விரிகிற மாதிரி வெளியே பிதுங்கும். நோயுள்ளவனுக்கு நுனியில் வெள்ளையாக, விறைப்பாக ஒரு வளையம் நிற்கும், எதுவும் விரியாது. பெரும்பாலும் 5 வயதுக்கு மேல்தான் இது வரும், இதற்கு அறுவைதான் வழி. நுனி சிவந்து சீழ் பிடிப்பது திரும்பத் திரும்ப வந்தாலும், சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும் கோளாறோடு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்தாலும் அறுவையைப் பற்றி யோசிப்பார்கள். வெறும் இறுக்கம் என்றால் முதலில் பீட்டாமெத்தசோன் களிம்புதான். டாக்டர் எழுதிக்கொடுத்தபடி, இறுகிய இடத்தில் மட்டும், தினம் இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம். நிறையப் பேருக்கு அதிலேயே முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. பின்னுக்குப் போன தோல் திரும்பி வராமல் மொட்டு வீங்கி நின்றால், நடு ராத்திரியானாலும் ஆட்டோ பிடித்து வந்துவிடுங்கள்.

சுன்னத்தோ வைத்தியமோ, நாள் குறிக்கும் முன் இரண்டு கேள்வி. ஒண்ணுக்குப் போகும் துவாரம் நுனியில் இருக்கிறதா, அடிப்பக்கம் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் தோலைத் தொடவே கூடாது; அந்தத் துவாரத்தைச் சரிசெய்ய அதே தோல் தேவைப்படலாம். அடுத்தது, அம்மா வழியில், குறிப்பாகத் தாய்மாமன்களில், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காத ஆள் உண்டா? ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் அம்மா வழியாகத்தான் பையனுக்கு வரும். இதை யூதர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள்: அண்ணன்மார் இருவர் விருத்தசேதனத்தில் இறந்திருந்தால் அடுத்த பையனுக்குச் செய்யாதே என்று அவர்களின் பழைய மார்க்க நூலான தல்மூதிலேயே இருக்கிறது.

பச்சைக் குழந்தைக்கு மரத்துப்போகும் ஊசி போதும். வளர்ந்த பையனுக்கு மயக்க மருந்து வேண்டும். அதனால் 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு, பால் எல்லாம் நிறுத்தம். தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. "பிள்ளை வாடிப்போச்சே" என்று ஒளித்து ஊட்டிய ஒரு பிஸ்கட்டால் தியேட்டர் வாசல் வரை வந்த பையனைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு வாடிக்கை. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். பையனிடமும் "சும்மா கடைக்குப் போறோம்" என்று கூட்டி வராதீர்கள். தூங்க வைப்பார்கள், எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும், மருந்து தருவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அறுவை முடிந்து வீட்டில், வலி வந்த பிறகு ஓடாமல் முதல் நாள் வேளை தவறாமல் பாராசிட்டமால். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். முதல் தடவை ஒண்ணுக்குப் போக எரியும் என்று அடக்குவான். நிறையத் தண்ணீர் கொடுங்கள். கட்டு பிரித்த பிறகு வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்து, அதிலேயே போகச் சொன்னால் போய்விடுவான். ஜட்டி வேண்டாம், லுங்கி போதும். அதையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பான், விடுங்கள். மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் போடக்கூடாது. மூன்றாம் நாள் மொட்டின் மேல் மஞ்சளாக ஒரு படலம் படியும். அதைப் பார்த்துச் சீழ் என்று துடைக்காதீர்கள், புண் ஆறுகிற அடையாளம் அது. வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆகலாம், தையல் தானே கரையும்.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டாலும், அரை நாளாகியும் ஒண்ணுக்குப் போகாவிட்டாலும், காய்ச்சலோடு சிவப்பு அடிவயிற்றுப் பக்கம் பரவினாலும் உடனே வாருங்கள். மாதங்கள் கழிந்து ஒண்ணுக்கு நூல் மாதிரி மெலிந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால், துவாரம் சுருங்கியிருக்கலாம். அதையும் கொண்டுவந்து காட்டுங்கள்.