அரசுக் கோப்பில் உங்கள் தொழில் ரகசியம்: நானும் செய்த தவறுகள்

போன மாதம், சிறு ரசாயன ஆலை ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) ஒருவர் கேட்ட ஆலைத் தகவலைக் கொடுக்க வேண்டாம் என்று பொதுத் தகவல் அலுவலருக்குப் போகவிருந்த ஒரு கடிதத்தைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். படித்ததும் திக்கென்றது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே கடிதம், ஏறக்குறைய அதே வார்த்தைகள். என்னை நம்பியிருந்த ஒருவருக்கு அந்தக் கடிதத்தால் பெரிய நஷ்டம். கேட்காத ஆவணத்தைக் கொடுக்காதீர்கள், நகல் எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பக்கத்துக்குப் பக்கம் 'ரகசியம்' முத்திரை

டெண்டரோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு விண்ணப்பமோ, முதல் பக்கம் தொடங்கிக் கடைசிவரை சீல் குத்துகிறார்கள். கம்பெனி முகவரிக்குச் சீல், ஜிஎஸ்டி சான்றிதழுக்கும் சீல். நாளை கோப்பைப் புரட்டும் அலுவலர், இதில் எது உண்மையான ரகசியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதற்காகக் குறியே போடாமல் விடுவதும் ஆபத்து. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, மூன்றாம் தரப்பினர் (அரசிடம் தகவல் கொடுத்து வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்) ரகசியமாக வைத்திருக்கும் தகவலை அலுவலர் வெளியிட நினைத்தால்தான் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். குறி இல்லையென்றால், உங்களைக் கேட்காமலே நகல் போய்விடலாம். கலவை விகிதம், வெப்பநிலை, வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றை மட்டும் பிரித்துத் தனி இணைப்பாக வையுங்கள். அதில் மட்டும் முத்திரை இருக்கட்டும்.

ஒரே வரியில் ஆட்சேபனை

என் கடிதம் இதுதான்: "மேற்படி தகவலை வழங்குவதில் எங்களுக்கு ஆட்சேபனை உள்ளது. இது வணிக ரகசியம்."

என்னை நம்பியிருந்த அந்த முதலாளி, சாயப் பட்டறைகளுக்குத் துணை ரசாயனம் தயாரித்துக் கொடுப்பவர். விண்ணப்பத்தோடு நாங்கள் கொடுத்த செயல்முறைக் குறிப்பின் 14-ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த மூலப்பொருள், எத்தனை கிலோ, எது முதலில் சேர வேண்டும், எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம். நான்கு வருடம் கையைச் சுட்டுக்கொண்டு அவர் கண்டுபிடித்த விஷயம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. யாரோ ஆர்டிஐ மனுவில் அந்தக் கோப்பைக் கேட்டார்கள். நோட்டீஸ் முறையாக வந்தது. நான் இரண்டு வாக்கியம் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். ஆட்சேபனை என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

'காரணம் எதுவும் கூறப்படவில்லை' என்று ஆணை வந்தது. 23 பக்கமும் போய்விட்டன. அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன். மறுக்க அவருக்கு நான் எதையுமே கொடுக்கவில்லை. "என்ன சார் எழுதினீங்க?" என்று முதலாளி கேட்டார். நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவருடைய இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் வேறிடம் போனார்கள். அந்த அட்டவணைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

இன்றும் இதே இரண்டு வாக்கியத்தைப் பிறர் எழுதிப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சட்டத்தின் 8(1)(டி) பிரிவைச் சரியாகப் படியுங்கள். வணிகத் தகவலை மறுக்க வேண்டுமானால், அதை வெளியிட்டால் மூன்றாம் தரப்பினரின் போட்டி நிலைக்குப் பாதிப்பு வர வேண்டும் என்பதுதான் அங்கே அளவுகோல். பாதிப்பை யார் சொல்வது? நீங்கள்தான்.

அந்தத் தம்பியை இப்படி எழுதச் சொன்னேன்: "9-ஆம் பக்க அட்டவணையில் 3, 4-வது பத்திகளில் உள்ள விகிதம் எங்கள் ஆலையில் இருவருக்கு மட்டுமே தெரியும். இருவரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளனர். இதே பொருளைத் தயாரிக்கும் எவரும் இந்த விகிதம் கிடைத்தால் சோதனைச் செலவே இல்லாமல் எங்கள் பொருளைத் தயாரிக்கலாம்." ஒப்பந்த நகலையும் இணைக்கச் சொன்னேன். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது; சட்ட ஆணையம் 2024-இல் தன் 289-வது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்ததோடு சரி. ஆகவே, நீங்கள் அதை ரகசியமாகக் காத்ததற்கான சான்று உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

கூடவே, அந்த இரண்டு பத்திகளை மட்டும் மறைத்த நகல் ஒன்றை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். 10-வது பிரிவு, விலக்குள்ள பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைக் கொடுக்க வழி செய்கிறது. எல்லாவற்றையும் மறுப்பதைவிட அலுவலருக்கு இது எளிது.

பத்து நாளைத் தொலைப்பது

ஆட்சேபனை சொல்ல, நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து பத்து நாள். ஆலை இடம் மாறியும் கோப்பில் பழைய முகவரியே இருந்தால், தபால் எங்கோ கிடக்கும். முகவரி மாறியதும் எழுதிக் கொடுங்கள்.

முடிந்துபோன டெண்டரின் விலையை மறைக்கப் பார்ப்பது

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இது பெரும்பாலும் நிற்காது. டெண்டர் முடிவானபின் அந்த ஆவணங்களை ரகசியமாக வைக்க நியாயமில்லை என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது.

கழிவுநீர்க் கணக்கையும் ரகசியம் என்பது

செய்யாதீர்கள். பொது நலன் பெரிது என்றால் விலக்கு நிற்காது என்று 8(1)(டி) பிரிவிலேயே இருக்கிறது. ஆலையிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதை ஊர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதை மறைக்க யாராவது என்னிடம் கடிதம் கேட்டால் எழுதித் தருவதில்லை.

மனு போட்டவரைத் தேடிப் போவது

கூடவே கூடாது. ஏன் கேட்கிறேன் என்று அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

விளம்பரக் கையேட்டில் அச்சடித்துவிட்டு ரகசியம் என்பது

வாதாடவே இடமில்லை.

20 வருடத்தை மறப்பது

20 வருடத்துக்கு முந்தைய விஷயம் என்றால் 8(1)(டி) விலக்கு பொருந்தாது.

ஆணை வந்ததும் ஓய்ந்துவிடுவது

மனு கிடைத்த 40 நாளுக்குள் அலுவலர் முடிவெடுத்து உங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவு உங்களுக்கு எதிராக இருந்தால், ஆணைத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மூன்றாம் தரப்பினரும் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தோற்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். மேல்முறையீடு முடியும்வரை ஆவணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் முதல் பதிலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த 14-ஆம் பக்கத்துக்கு மேல்முறையீடு செய்ய முடியும் என்று ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது ஆணை வந்து 41 நாள் ஆகியிருந்தது.