உறையில் ஒட்டிய கையொப்பம்

டார்வினின் நண்பரும் தாவரவியலாளருமான ஜோசப் ஹூக்கர் கைப்பட எழுதிய நான்கு வரிக் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பளபளவென்ற பிவிசி உறையில் போட்டு வைத்தது என் முட்டாள்தனம். மூன்றே ஆண்டுகளில் உறையை நெகிழவைக்கும் ரசாயனம் கசிந்து பிசுபிசுத்தது. கையொப்பத்தின் கடைசி எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டது.

வெடுக்கென்று இழுக்கவில்லை. ஓரங்களைக் கத்தரித்து, காகிதத்தை மேசையில் படிய வைத்து, உறையை மட்டும் பின்னோக்கி மடித்து, நூலளவு நூலளவாக உரித்தேன். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணியைத் தொடவே இல்லை. மாசிக்காயும் இரும்பு உப்பும் கலந்த அக்கால மை, ஈரம் பட்டால் காகிதத்தையே அரிக்கும்.

இப்போது அமிலமற்ற காகித உறை, இருட்டுப் பெட்டி. கையுறை கிடையாது, கழுவி உலர்த்திய விரல்களுக்கு இருக்கும் நிதானம் அதற்கு இல்லை.