பங்குக் குழுக்களில் சேர நினைப்பவர்களுக்கு: முதல் மூன்று மாதங்கள்

கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு திருப்பலிக்கு (பூசைக்கு) வந்து போகிற பலருக்குப் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை உண்டு. யாரைக் கேட்பது, எதில் சேர்வது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பின்வரிசையிலேயே இருந்துவிடுகிறார்கள். உண்மையில் எந்தக் குழுவிலும் ஆள் பற்றாக்குறைதான். புதிதாக வருகிறவரை வேண்டாம் என்று சொல்கிற குழுவைக் காண்பது அரிது.

முதலில் உங்கள் குடும்பத்தின் பெயர் பங்குப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பங்கு என்பது பெரும்பாலும் நில எல்லையை வைத்துப் பிரிக்கப்படுவது. வீடு மாறியவர்களின் பெயர் பழைய பங்கிலேயே தங்கிவிடும். அன்பியப் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) பட்டியலும் வீடு சந்திப்பும் இந்தப் பதிவேட்டை வைத்தே நடப்பதால், பெயர் இல்லாதவருக்கு எந்தச் செய்தியும் வந்து சேராது. திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணச் சான்றிதழ்களின் நகல்களோடு அலுவலக நேரத்தில் போனால் ஒரே நடையில் வேலை முடியும்.

பங்குத்தந்தையை, அதாவது பங்கை நடத்தும் குருவை, திருப்பலி முடிந்த கையோடு பிடிக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஆசீர் கேட்பவர்கள், பூசைக்கருத்து (யாருக்காக, எதற்காகப் பூசை என்பது) எழுதுபவர்கள், நோயாளியைப் பார்க்க அழைப்பவர்கள் என்று அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நீங்கள் சொன்னது அவர் நினைவில் தங்காது. வார நாளில் நேரம் கேட்டுப் போய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள் தர முடியும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "எதுவானாலும் செய்கிறேன் சாமி" என்று சொல்கிறவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது கடினம். "செவ்வாய் மாலை ஒன்றரை மணி நேரம் வர முடியும்" என்றால் அன்றே ஒரு குழுவைக் காட்டிவிடுவார்.

எதில் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நாங்கள் சொல்வது அன்பியம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடுகிற குழு என்பதால் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை. பல இடங்களில் கூட்டம் ஏழு படிகளில் நடக்கும். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகிப் பரவிய முறை இது: ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லையோ சிறு தொடரையோ உரக்கச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டிய பணியைப் பேசுவது, சொந்த வார்த்தைகளில் செபிப்பது.

கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, ஐந்தாம் படி. பகிர்வு பிரசங்கமாகிவிடும், விவரம் தெரிந்த ஒருவர் விளக்கத் தொடங்கினால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். "இந்த வசனம் என்னை இப்படித் தொட்டது" என்று இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆறாம் படி. நேரமாகிவிட்டது என்று அதைத் தாண்டிவிடுவார்கள். தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் அவரைப் போய்ப் பார்ப்பது, எந்த நாளில் என்று பெயரோடும் தேதியோடும் முடிவாக வேண்டிய இடம் அதுதான். அது விடுபட்டால் அன்பியம் வெறும் செபக்கூட்டமாகச் சுருங்கிவிடும்.

மரியாயின் சேனையையும் வின்சென்ட் தே பவுல் சபையையும் புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டிலும் இருவர் இருவராக வீடு சந்திப்பு உண்டு என்பதே காரணம். 1921இல் டப்ளினில் தொடங்கிய சேனை ஆன்மிகப் பணிக்கானது. பண உதவியோ பொருள் உதவியோ செய்யக் கூடாது என்பது அதன் விதி. வாரக் கூட்டம், சுமார் இரண்டு மணி நேர வேலை, அந்த வேலையைப் பற்றிய வாய்மொழி அறிக்கை ஆகிய மூன்றும் கட்டாயம். குறைந்தது மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகே உறுப்பினராகும் வாக்குறுதி. வாராவாரம் வர இயலாதவர்கள் அன்றாடச் செபத்தை ஏற்றுத் துணை உறுப்பினராகலாம். 1833இல் பாரிசில் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய வின்சென்ட் சபையோ ஏழைக் குடும்பங்களைப் பார்த்து நேரடியாக உதவுவது. கூட்டத்தில் இரகசியக் காணிக்கை எடுப்பார்கள்; யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டில் எதில் சேர்ந்தாலும், சந்தித்த வீட்டில் கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். ஒருமுறை கசிந்தால் அந்தத் தெருவில் அடுத்த கதவு திறக்காது.

திருப்பலியில் விவிலியப் பகுதியை வாசிக்கும் வாசகர் பணிக்கு வருகிறவர்கள் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவதை அறிந்திருக்க வேண்டும். வாசக நூலில் தவறான ஆண்டின் பக்கம் திறந்திருப்பது அடிக்கடி நடக்கும். திருப்பலிக்கு 15 நிமிடம் முன்பே போய்ப் பக்கத்தையும் ஒலிவாங்கியையும் சரிபாருங்கள். முந்தின நாள் மூன்று முறையாவது வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் ஊர்ப் பெயர்களில் நாக்கு இடறுவது தெரியாது. "முதல் வாசகம்" என்ற தலைப்பையும் சிவப்பு எழுத்தில் உள்ள குறிப்புகளையும் வாசிக்கக் கூடாது. வாசகம் முடிந்ததும் இரண்டு நொடி நிறுத்தி, அதன்பின் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லுங்கள்.

பாடகர் குழுவுக்குக் குரலைவிடப் பயிற்சிக்குத் தவறாமல் வருவதே முக்கியம்.

மறைக்கல்வி (சமய வகுப்பு), பீடச்சிறுவர் (பூசையில் குருவுக்கு உதவும் சிறுவர்கள்) என்று சிறுவர்களோடு பழகும் பணிகளில் ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். மறைமாவட்டத்தின் (ஆயரின் கீழ் உள்ள பல பங்குகளின் தொகுதி) பாதுகாப்பு விதிகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டே தொடங்குங்கள். சரிபார்ப்புப் படிவம் நிரப்பச் சொன்னால் அதை அவமானமாக நினைக்காதீர்கள்.

பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையில் சேர அவசரம் வேண்டாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி (எண் 536) அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. இது தெரியாமல் வருகிறவர்கள், தங்கள் வாக்கு செல்லவில்லை என்று முதல் ஆண்டிலேயே மனம் கசந்து விலகுகிறார்கள். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் (எண் 537). காணிக்கையை எண்ணும்போது உறவினர் அல்லாத இருவராவது இருந்து, அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தந்த பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் (எண் 1267). கூரைக்கு வந்த பணம் திருவிழாப் பந்தலுக்குப் போனால், அடுத்த முறை கேட்கும்போது யாரும் தர மாட்டார்கள்.

புதியவர்கள் சோர்ந்து விலகுவதற்குப் பெரிய காரணம், முதல் மாதத்திலேயே மூன்று குழுக்களில் பெயர் கொடுப்பது. திருவிழாவும் தேர்வும் ஒன்றாக வரும்போது மூன்றுக்கும் போக முடியாமல், வெட்கத்தில் எதற்குமே போகாமல் இருந்துவிடுவார்கள். ஒன்றே ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம் தவறாமல் போங்கள். அதுவரை, "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்ற கேள்வியைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதி வையுங்கள். பாதிக்கு மேல் காரணம் தானாகவே விளங்கிவிடும். மிச்சத்தைப் பொறுப்பாளரிடம் தனியாகக் கேளுங்கள், கூட்டத்தின் நடுவில் வேண்டாம். அதற்குள் நாற்காலி அடுக்குவது, பாட்டுப் புத்தகம் எடுத்து வைப்பது போன்ற சில்லறை வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஆட்களின் பெயரும் சாவி இருக்குமிடமும் அப்படித்தான் தெரியவரும்.

ஒத்துவரவில்லை என்றால் விலகலாம், தவறில்லை. ஒரு மாதம் முன்பே பொறுப்பாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, கையில் உள்ள சாவி, கணக்கு நோட்டு, தொலைபேசிப் பட்டியல், நீங்கள் சந்தித்துவந்த வீடுகளின் விவரம் எல்லாவற்றையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். நோயாளி வீடு என்றால், உங்கள் இடத்துக்கு வருபவரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள்.