மேடையில் கிட்டாருக்கும் குரலுக்கும் எஃபெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து இசைக்குழு ஒன்றுக்கு இன்று கல்யாண மண்டபம், நாளை கோயில் திருவிழாவின் திறந்தவெளி, ஆடி மாதத்தில் ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழா, மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி என்று மேடைகள் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அமைத்த எஃபெக்டுகளை (ஒலியின் தன்மையை மாற்றும் அமைப்புகளை) இத்தனை இடங்களுக்கும் மாற்றாமல் கொண்டுபோவதுதான் பெரும்பாலான குளறுபடிகளுக்குக் காரணம். மேடையில் நாம் சேர்க்கும் எந்த எஃபெக்டும் அந்த இடம் ஏற்கெனவே எழுப்பும் ஒலியின் மேல்தான் போய் விழுகிறது.

கூடத்தின் முழக்கம்போல ஒலியை நீட்டிக்காட்டும் ரிவெர்பில் இது உடனே தெரியும். கிரானைட்டுக்குப் பேர்போன இப்பகுதியில் பல மண்டபங்களின் தரை வழவழப்பான கல்தான். சுவரும் வெறும் பூச்சுச் சுவர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்வதால், 30 மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் பட்டு மேடைக்குத் திரும்ப அதற்கு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் பாடகர் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறார். இத்தகைய கூடத்தில் பெரிய கூடத்தைப் போல ஒலிக்கும், இரண்டு நொடி நீளமுள்ள 'ஹால்' ரிவெர்பையும் சேர்த்தால், முந்தைய எழுத்தின் உயிரோசை அடுத்த எழுத்தின் மெய்யை மூடிவிடும். மெட்டு கேட்கும், வரி கேட்காது. மேடையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டி, ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்துவிட்டு ரிவெர்பைத் தொடுவது நல்லது. மண்டபத்தில் ஒரு நொடியை ஒட்டிய குறுகிய 'பிளேட்' வகையே (உலோகத் தகட்டின் அதிர்வைப் போல ஒலிப்பது) போதும். ரிவெர்ப் தொடங்குவதற்கு முன் 30 மில்லிசெகண்ட் அளவு இடைவெளி விட்டு, அதற்குப் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டால் சொல் தெளிவாக நிற்கும். காலியான மண்டபத்தில் மாலை நான்கு மணிக்குச் செய்த சவுண்ட் செக்கை அப்படியே நம்புவதும் தவறு. கூட்டம் நிறைந்ததும் உடலும் உடையும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்வதால், முதல் பாட்டிலேயே அளவைத் திருத்த வேண்டிவரும். திறந்தவெளியில் திருப்பி அனுப்பச் சுவரே இல்லை என்பதால், அங்கே சற்றுத் தாராளமாக வைத்தாலும் குற்றமில்லை.

"எக்கோ வைங்க" என்று விழாக் குழுவினர் கேட்பது நம் ஊர் வழக்கம். பாட்டுக்கு வைக்கலாம், ஆனால் பாட்டு முடிந்ததும் அதை நிறுத்த ஓர் ஆள் இருக்க வேண்டும். மொய் எழுதியவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசிக்கும்போது ஒவ்வொரு பெயரும் மூன்று முறை ஒலிப்பதைக் கேட்காதவர் இங்கே குறைவு. எக்கோவைத் தரும் டிலேயின் நேரத்தையும் குத்துமதிப்பாக வைக்கக் கூடாது. 60,000 ஐ நிமிடத்துக்கான தாள எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்குரிய மில்லிசெகண்ட் கிடைக்கும். 100 என்ற வேகத்துக்கு அது 600. கணக்குப் போட நேரமில்லாவிட்டால், பெடலில் (காலால் இயக்கும் எஃபெக்ட் பெட்டியில்) வேகத்தைத் தட்டிக் காட்ட இருக்கும் 'டேப்' (tap) பட்டனை டிரம்ஸோடு சேர்ந்து மிதித்தால் போதும்.

மைக் கீச்சிடும்போது மைக்செட்காரரைக் குறைசொல்லும் குழுக்கள் தங்கள் கம்ப்ரஸரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்ப்ரஸர் உரத்த ஒலியை அடக்குகிறது. அடக்கியதை ஈடுகட்ட 6 டெசிபல் ஏற்றினால், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மைக் 6 டெசிபல் கூடுதலாகத் திறந்திருக்கும். பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலி அந்த நேரத்தில்தான் உள்ளே புகுந்து சுற்றத் தொடங்குகிறது. ஆகவே மேடையில் 3:1 (எல்லையைத் தாண்டும் 3 டெசிபலை 1 ஆக்குவது) என்ற மிதமான விகிதத்தைத் தாண்டாமலும், மானிட்டருக்குக் கம்ப்ரஸரும் ரிவெர்பும் இல்லாத நேரடிக் குரலை அனுப்பியும் பார்க்கலாம். ரிவெர்ப் இல்லாமல் பாட வராது என்று சில பாடகர்கள் அடம்பிடிப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், சுருதி மட்டும் கலங்கக் கூடாது.

கிட்டார்காரர்களின் தவறு பெரும்பாலும் ஒலியளவைப் பற்றியது. ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காது அடி ஓசையைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து காட்டினார்கள். இரவில் வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்று மெல்லிய ஒலியில் அடி ஓசையை ஏற்றி அமைத்த பேட்ச் (சேமித்து வைத்த எஃபெக்ட் அமைப்பு), மேடையில் குமுறிக்கொண்டு பேஸ் கிட்டாரோடு மோதுவது இதனால்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் அப்படியே: தனியாக வாசிக்கையில் கனமாகத் தோன்றும் அளவு, குழுவோடு சேரும்போது வெறும் இரைச்சலாகிவிடும், பாதியாகக் குறைத்தால்தான் ஸ்வரம் வெளியே வரும். டிஸ்டார்ஷன் பெடலை ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சரில் செருகுகிறவர்கள், கேபினெட் (ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டி) ஒலியைப் போலச் செய்யும் வசதியை முடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்கும். அகூஸ்டிக் கிட்டாரின் கூடு 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிரும். அந்த இடத்தைச் சற்று வெட்டி, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் ஃபீட்பேக் (ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடுவது) பெரும்பாலும் அடங்கிவிடும்.

சுருதி திருத்தும் கருவியை வேகமாக வைத்தால் கமகம் படிக்கட்டாக உடையும். மெல்லிசைப் பாட்டுக்குப் பொருந்தலாம். ராகம் தொட்ட பாட்டுக்கு என் கணக்கில் அது வேண்டவே வேண்டாம்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். சில கீபோர்டு அடாப்டர்களில் இது நேர்மாறு என்பதால், கைக்குக் கிடைத்ததைச் செருகினால் பெடல் போய்விடலாம். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் 'உம்ம்' என்ற இரைச்சல் வந்தால், கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், ஒலிக் கம்பியின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதைவிட்டு, ஆம்பின் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றுவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. கழற்றியதும் இரைச்சல் நின்றுபோகலாம். ஆனால் அந்த ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டால், கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கும் பாடகரின் உடல் வழியாகத்தான் மின்சாரம் பாயும்.