குளியலறை வேலையில் கசிவு, மேஸ்திரி பாக்கி கேட்கிறார்: பணத்தகராறைப் படிப்படியாகத் தீர்ப்பது எப்படி?

குளியலறைத் தரையைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புது டைல்ஸ் பதித்து முடித்த 11-ஆம் நாள், அதை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறத் தொடங்கியது. அன்று மாலையே மேஸ்திரி பாக்கிப் பணம் கேட்டு அழைத்தார். "கசிவை நிறுத்தாமல் ஒரு காசு தர முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தால் வேலை ஐந்து வாரம் இழுத்தது. முடிவில் கசிவும் நின்றது, கணக்கும் நேரானது. இதே சிக்கலில் முதல்முறை மாட்டிக்கொண்டவர்களுக்காக, நான் செய்ததையும் செய்திருக்க வேண்டியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

பேசிய தொகை, கொடுத்த அட்வான்ஸ், மீதி பாக்கி எல்லாம் உங்களிடம் குறித்து வைக்கப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எதையும் தொடாமல் பதிவு செய்யுங்கள்

ஓதக் கறையைத் துடைக்க வேண்டாம், மேலே பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு கோடு, இன்னொரு தேதி. என்னிடம் நாற்பது புகைப்படங்கள் இருந்தன. மேஸ்திரி நின்று பார்த்தது அந்த மூன்று பென்சில் கோடுகளைத்தான்.

படம் எடுக்கும்போது முதலில் அறை முழுவதும் தெரிய ஒன்று, பிறகு கிட்டத்தில் அளவுநாடா வைத்து ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி பற்றிய உள்விவரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். மூலப் படம் உங்கள் போனிலும் இன்னோர் இடத்திலும் இருக்கட்டும். அந்த உரையாடலில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று வகை உண்டு. இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

படி 2: கசிவு எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள்

இதைச் செய்யாமல் யாரிடமும் பணப்பேச்சைத் தொடங்காதீர்கள். தரை சரியில்லை என்று நாம் சொல்ல, குழாயில்தான் கோளாறு என்று அவர் சொல்ல, பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஓதம் தெரியும் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் ஈரமாக இருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு மேஸ்திரி பொறுப்பல்ல. ஊசி வைத்துக் குத்தும் மலிவான ஈரமானியை விட எனக்கு இந்தத் தாள்மேல்தான் நம்பிக்கை. பூச்சில் உப்பு இருந்தால் அந்தக் கருவி ஈரத்தைக் கூட்டிக் காட்டும்.

அடுத்த சோதனைகளுக்கு வரிசை முக்கியம். ஒவ்வொன்றுக்கும் இடையே சுவர் கொஞ்சம் காய நேரம் கொடுங்கள்.

முதலில் நீர் வரும் குழாய். இரண்டு நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விடுங்கள், ஆனால் குழாயில் நீர் அழுத்தம் இருக்கட்டும். அப்போதும் கறை வளர்ந்தால் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள் நகர்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து கழிவுக் குழாய். தரை நனையாதபடி, ஒரு ஹோஸை நேராகக் கழிவுநீர்த் துளைக்குள் விட்டு நீர் ஊற்றுங்கள்.

மூன்றாவது தரை. துளையை ரப்பர் மூடியால் இறுக்கி அடைத்து, 2.5 செ.மீ. உயரத்துக்கு நீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் நீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாளியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான கொத்தனார். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியாதல். தரையில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் நீர் இறங்குகிறது. மூடி சரியாக உட்காராமல் துளை வழியாகவும் நீர் போகலாம் என்பதால் அதை முதலிலேயே சோதித்துவிடுங்கள். 2.5 செ.மீ. நீர் என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. அதற்கு மேல் தேக்கத் தேவையில்லை.

கடைசியாகச் சுவர் டைல்ஸ். ஷவரைச் சுவரின்மேல் திருப்பிவிட்டுப் பாருங்கள்.

என் வீட்டில் முதல் இரண்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஆறு மணி நேரத்துக்குள் கறை விரிந்தது. தரையும் சுவரும் சேரும் மூலையில், குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி, வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு மேலே ஏற்றப்படவில்லை.

டைல்ஸை நாணயத்தால் தட்டி, பொக்கென்று சத்தம் வரும் இடங்களில் டேப் ஒட்டுவதும் நல்லது. ஆனால் பொக்கு இருப்பது ஒட்டு சரியாகப் பரவவில்லை என்பதைத்தான் காட்டும். கசிவுக்குக் காரணம் அதுதான் என்று அதை வைத்து வாதாடாதீர்கள். இரண்டும் வேறு குறைகள், தனித்தனியாக எழுதுங்கள்.

படி 3: பணத்தைப் பிரியுங்கள் (நான் தடுக்கி விழுந்த இடம்)

மொத்தப் பாக்கியையும் நிறுத்தி வைத்தால்தான் ஆள் திரும்பி வருவார் என்று நினைத்தேன். அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அவருடன் வந்த இரண்டு பேருக்கு அவர் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கூலிக்கும் கசிவுக்கும் சம்பந்தமில்லை. சுவர் டைல்ஸ், பிளம்பிங், கதவு எல்லாம் அருமையாகச் செய்திருந்தார். அந்த வேலைக்கான பணத்தையும் சேர்த்துத்தான் நான் பிடித்து வைத்திருந்தேன்.

மொத்த ஒப்பந்தத்தை 100 பங்காக வைத்துக்கொள்வோம். இடித்து அள்ளியது 15, பிளம்பிங் 20, வாட்டர்ப்ரூஃபிங் 15, தரை டைல்ஸ் 20, சுவர் டைல்ஸ் 20, கதவும் பெயின்டும் 10. நான் ஏற்கெனவே கொடுத்தது 60. பாக்கி 40.

கெட்டுப்போனது வாட்டர்ப்ரூஃபிங்தானே, 15-ஐப் பிடித்துக்கொண்டு 25-ஐக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அதுவும் தவறு. அந்த மூலையைச் சரிசெய்ய நல்ல டைல்ஸையும் பெயர்க்க வேண்டும், பூச்சு அடிக்க வேண்டும், திரும்பப் பதிக்க வேண்டும், படுக்கையறைச் சுவரைக் காயவிட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும். பிடித்து வைக்க வேண்டியது குறையைச் சரிசெய்ய ஆகும் செலவு. எஸ்டிமேட்டில் அந்த வரிக்கு எதிரே இருக்கும் தொகை அதற்குப் போதாமல் போகலாம், சில சமயம் அதிகமாகவும் இருக்கலாம்.

அந்தச் செலவை நாமே மனத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த வேலைக்குப் போட்டியில்லாத இரண்டு பேரிடம் எழுத்தில் வாங்குங்கள். "இந்தக் குறையை மட்டும் சரிசெய்ய என்ன ஆகும், ஏன் வந்தது" என்று கேளுங்கள். குளியலறை முழுவதையும் புதிதாகச் செய்யும் விலையைக் கேட்காதீர்கள். எனக்கு வந்த இரண்டும் 20-க்கும் 24-க்கும் இருந்தன. நான் 22 பங்கைப் பிடித்து வைத்து, 18-ஐ அன்றே அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் வாசலில் நின்றார்.

பணம் அனுப்பும்போது குறிப்பில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். "கடைசித் தவணை", "கணக்கு முடிந்தது" என்ற சொற்கள் வேண்டவே வேண்டாம். "தகராறில்லாத வேலைக்கான பகுதித் தொகை" என்று எழுதுங்கள். அவர் நீட்டும் ரசீதில் முழுத் தீர்வு என்று அச்சாகியிருந்தால் அதை அடித்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். எல்லாம் திருப்தி என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு குறை சொல்வது மிகவும் கடினம்.

படி 4: எழுத்தில் கேளுங்கள், சரிசெய்ய வாய்ப்பு கொடுங்கள்

போனில் என்ன பேசினாலும் அன்று இரவே அதை எழுதி அனுப்புங்கள். பேச வாட்ஸ்அப் போதும், பதிவுக்கு எனக்கு மின்னஞ்சல்தான் பிடிக்கும். அவரிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கலாம். குரல் செய்தி வேண்டாம், தேடி எடுப்பது பெரும்பாடு. நான் எழுதியது ஏறக்குறைய இப்படித்தான்:

"வணக்கம் மேஸ்திரி. நீங்கள் செய்த சுவர் டைல்ஸ், பிளம்பிங், கதவு வேலை நன்றாக இருக்கிறது. தரையில் நீர் தேக்கிப் பார்த்ததில் குழாய் நுழையும் மூலையில் கசிவு இருக்கிறது. படங்களையும் இரண்டு எஸ்டிமேட்டையும் இணைத்துள்ளேன். நன்றாக முடிந்த வேலைக்கான தொகையை இன்று அனுப்பிவிட்டேன். மீதி, கசிவைச் சரிசெய்து மறுபடி 24 மணி நேரச் சோதனை முடிந்ததும் அன்றே தருகிறேன். 14 நாளுக்குள் எந்த நாள் வர முடியும் என்று சொல்லுங்கள். வர முடியாவிட்டால் வேறொருவரை வைத்துச் சரிசெய்து, அந்தச் செலவைக் கழித்துக் கணக்கு முடிக்க வேண்டியிருக்கும்."

நல்லதை முதலில் சொன்னது உண்மை என்பதால் சொன்னேன். "ஏமாற்றுக்காரர்" போன்ற சொல் ஒன்று விழுந்தாலும் அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார், கசிவு பின்னால் போய்விடும். கெடு முடியும் வரை பொதுவெளியில் அவரைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

வாய்ப்பு கொடுக்காமல் உடனே வேறு ஆளை வைத்து உடைத்துவிட்டால், பழைய வேலை எப்படி இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. மின் இணைப்புக்குப் பக்கத்தில் நீர் வருகிறது என்பதைப் போன்ற ஆபத்து இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அந்த இணைப்பை அணைத்து, தேவையானதை மட்டும் தற்காலிகமாகச் செய்து, படமெடுத்து, பெயர்த்த துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 5: வராவிட்டால்

கெடு முடிந்ததும் ஒரு நினைவூட்டல், ஒன்றே ஒன்று. அதன்பின் வழிகள் இரண்டு மூன்று உண்டு. இருவருக்கும் தெரிந்த, வேலை தெரிந்த ஒருவரை நடுவராக வைப்பது முதல் வழி. அவர் சொல்வதை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அது முடியாவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பு அல்லது சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம். வழக்குத் தொடரக் கடைசித் தேதி உண்டு, அதை முதல் நாளே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸை விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடலாம். அதற்கும் காலக்கெடு உண்டு, வங்கியிடம் உடனே கேளுங்கள். பணமாகக் கொடுத்திருந்தால் அந்த வழி இல்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஒருவருக்கு எஸ்டிமேட்டே எழுத்தில் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அப்படியென்றால் நினைவில் இருப்பதை இன்றே எழுதி, "நாம் பேசிக்கொண்டது இதுதானே, ஏதாவது தவறாக இருந்தால் சொல்லுங்கள்" என்று அவருக்கு அனுப்புங்கள். பழைய பணப் பரிமாற்றங்களும் தேதிகளும் அதற்குத் துணை நிற்கும்.

இன்னொருவர் பொருளைத் தானே வாங்கிக் கொடுத்திருக்கிறார், இப்போது மேஸ்திரி பொருள்மேல் பழி போடுகிறார். நான் யோசிக்காத சிக்கல் இது. காலிப் பையையோ டப்பாவையோ தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள தயாரிப்பு எண்ணைப் படமெடுங்கள். எத்தனை கோட் பூச்சு, இடையில் எத்தனை மணி நேரம், எவ்வளவு நாள் காய வேண்டும் என்று அதிலேயே அச்சாகியிருக்கும். அதன்படி செய்தாரா என்பதுதான் கேள்வி. அதில் சொன்ன நாள் முடியும் முன்பே டைல்ஸ் பதித்திருந்தால் அந்தத் தேதியே பதில் சொல்லிவிடும்.

மாடி வீட்டில் இருப்பவர் ஒருவர் நீர் தேக்கும் சோதனையால் கீழ்வீட்டுச் சீலிங் நனைந்துவிட்டது என்று எழுதினார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கீழே இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் ஆறு மணி நேரம் மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஈரம் தெரிந்த உடனே மூடியை எடுத்துவிடுங்கள். கசிவு நிரூபணமாகிவிட்டது, 24 மணி நேரம் முடிய வேண்டியதில்லை.

படி 6: மறுசோதனை, கடைசிப் பணம்

அவர் வந்து மூலையைப் பெயர்த்தபோது நான் கூடவே இருந்தேன். புதுப் பூச்சைக் குழாயைச் சுற்றிச் சுவரில் ஏற்றி அடித்தார், டைல்ஸ் பதிக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். டைல்ஸுக்கு அடியில் போய்விட்டால் பிறகு பார்க்க முடியாது என்பதால் இந்தப் படத்தை விடாதீர்கள். டைல்ஸ் பதிக்கும் முன் ஒருமுறை, பதித்துக் கிரவுட் (டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கலவை) காய்ந்தபின் ஒருமுறை, நீர் தேக்கினோம். இரண்டாவது சோதனையில் வாளியில் குறைந்த அளவுதான் தரையிலும் குறைந்தது. அவரே குனிந்து இரண்டு கோட்டையும் பார்த்தார்.

அன்றே 22 பங்கையும் அனுப்பினேன். ரசீதில் இரண்டு வரி மட்டும் சேர்த்து எழுதச் சொன்னேன்: எந்த மூலை எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டது, அதே இடத்தில் ஓராண்டுக்குள் கசிவு வந்தால் கூலி வாங்காமல் சரிசெய்து தருவார். யோசிக்காமல் எழுதிக் கொடுத்தார். படுக்கையறைச் சுவரை உடனே பூச வேண்டாம், உள்ளே ஈரம் போக நாளாகும் என்று அவர்தான் சொன்னார். பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, உள்பக்கம் காய்ந்திருந்த பிறகே பெயின்ட் அடித்தோம்.