பிளைட் சிமுலேட்டருக்குப் புதுக் கிராபிக்ஸ் கார்ட்: காசைக் கொடுக்க முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளைட் சிமுலேட்டரில் (கொம்பியூட்டரில் விமானம் ஓட்டும் கேம்) சென்னையில் இறங்கும்போது திரை தடக்கித் தடக்கி ஓடினால் நம் பெடியள் முதலில் குற்றம் சொல்வது கிராபிக்ஸ் கார்ட்டைத்தான். உடனே கனடாவில் இருக்கும் மாமாவுக்கு வட்ஸ்அப் போகும்: "வரேக்க ஒரு ஆர்டிஎக்ஸ் கொண்டு வாங்கோ." மாமாவும் கொண்டு வருவார். போட்டுவிட்டு மறுபடி சென்னையில் இறங்கிப் பார்த்தால் அதே தடக்கல். செக்கனுக்கு 24 பிரேம் (படம்) வந்த இடத்தில் இப்போது 26. மற்றக் கேம்களுக்குச் சரியாக இருக்கும் கணக்கு பிளைட் சிமுலேட்டருக்குச் சரிவருவதில்லை.

காரணம் வேலைப் பங்கீடு. விமானத்தின் மேல் காற்று எப்படிப் படுகிறது, எஞ்சின் என்ன செய்கிறது, காக்பிட்டில் இருக்கும் கணினிகள் எதைக் காட்ட வேண்டும், சுற்றிவர எத்தனை விமானங்கள் ஓடுகின்றன, எந்தக் கட்டடம் எங்கே வர வேண்டும் என்பதையெல்லாம் புரொசசர்தான் பார்க்கிறது. அதிலும் பெரும் பகுதி ஒரே ஒரு திரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில், நடக்கிறது. அது முடித்துக் கொடுத்த பிறகுதான் கார்ட் படத்தை வரையும். கலியாண வீட்டில் சமையற்காரர் கறியை இறக்கவே இல்லை என்றால், பரிமாறுகிறவரை மாற்றி என்ன பயன்?

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கிறார்கள். புரொசசர் 30 சதவீதம் என்று காட்டுகிறது. "புரொசசர் சும்மாதானே இருக்கு, அப்ப கார்ட்தான் காணாது" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த 30 சதவீதம் எல்லாக் கோர்களையும் (புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவுகள்) சேர்த்த சராசரி. ஒரு கோர் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்க, மற்றவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். பார்க்க வேண்டியது கார்ட்டின் சதவீதத்தை. பிரேம் குறைந்திருக்கும் நேரத்தில் கார்ட் 60, 70 சதவீதத்தில் நின்றால், அது வேலைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதைவிடத் தெளிவான வழியும் இருக்கிறது, காசும் தேவையில்லை. மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைப் போட்டு, பிரேம் காட்டும் பெட்டியைத் திறந்தால், எது தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். 'மெயின் திரெட்' என்று வந்தால் புரொசசர் பக்கம், 'ஜிபியு' என்று வந்தால் கார்ட் பக்கம். எக்ஸ்-பிளேன் என்ற மற்றச் சிமுலேட்டரில் டேட்டா அவுட்புட் பகுதியில் பிரேம் ரேட்டைத் திரையில் காட்டச் சொன்னால் சிபியு (புரொசசர்) நேரம், ஜிபியு நேரம் இரண்டும் தனித்தனியாக வரும். எது கூடவோ அதுதான் ஆள்.

அதையும் நம்பாதவர்களுக்கு இன்னொரு சோதனை. வி-சிங்கையும் (பிரேமை மொனிட்டரின் வேகத்தோடு பூட்டும் செட்டிங்) பிரேம் கட்டுப்பாட்டையும் முதலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முடிவு பிழைக்கும். பிறகு ரெண்டர் ஸ்கேலிங்கை (கார்ட் வரையும் படத்தின் அளவு) 100இலிருந்து 50க்கு இறக்குங்கள். படம் அசிங்கமாகும், பரவாயில்லை. பிரேம் நன்றாக ஏறினால் கார்ட் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அசையவே இல்லை என்றால், எவ்வளவு பெரிய கார்ட் போட்டாலும் அந்த இடத்தில் அது அசையாது.

'அந்த இடத்தில்' என்பது முக்கியம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் ஓடுபாதையில் நின்று சோதித்துவிட்டு, "எனக்கு வடிவாத்தான் ஓடுது" என்பவர்கள் இருக்கிறார்கள். பலாலியைச் சுற்றி என்ன இருக்கிறது? வெளி, தோட்டம், அங்கங்கே வீடு. புரொசசருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அங்கே பிரேம் குறைந்தால் அது அனேகமாக முகிலும் நிழலும் கார்ட்டைப் பிடித்து வைத்திருப்பதால். அதே விமானத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்கோ துபாய்க்கோ போனால், நகரமும் போக்குவரத்தும் சேர்ந்து புரொசசரை அமுக்கும். ஒரே கொம்பியூட்டருக்கு இரண்டு இடத்தில் இரண்டு வியாதி. நீங்கள் வழமையாக ஓட்டும் விமானத்தோடு, வழமையாகத் தடக்கும் விமான நிலையத்தில், பின்னேர முகிலோடு சோதியுங்கள். செஸ்னா 172இல் பார்த்த முடிவு, ஃபீனிக்ஸ், பிஎம்டிஜி கொம்பனிகளின் ஆட்-ஆன் விமானங்களான ஏ320க்கோ 737க்கோ செல்லாது. அந்த இரண்டும் உள்ளே முழு விமானத்தின் சிஸ்டங்களையே ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

மெயின் திரெட் என்று வந்துவிட்டால் முதலில் கை வைக்க வேண்டியது செட்டிங்கில். டெரெய்ன் லெவல் ஒஃப் டீட்டெய்லை (தரை எவ்வளவு தூரம் வரை விவரமாகத் தெரிய வேண்டும் என்பது) 200இலிருந்து 100க்குக் குறையுங்கள். விமான நிலைய வாகனங்கள், நிறுத்தி வைத்த விமானங்கள், ஏஐ டிராபிக் (சிமுலேட்டரே ஓட்டும் மற்ற விமானங்கள்) ஆகியவற்றைப் பாதியாக்குங்கள். கிளாஸ் காக்பிட் ரிஃப்ரெஷையும் (காக்பிட் திரைகள் புதுப்பிக்கப்படும் வேகம்) இறக்கலாம். பலர் இவற்றை விட்டுவிட்டு முகிலையும் நிழலையும் குறைத்துவிட்டு, "ஒரு மாற்றமும் இல்லை" என்பார்கள். அவை கார்ட்டின் சுமைகள். புரொசசர் தடுக்கும்போது அவற்றைக் குறைத்தால் படம்தான் கெடும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் புரொசசர் மாற்றம். ஏஎம்4 (ஏஎம்டி புரொசசர்களுக்கான ஒரு சொக்கெட்) மதர்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். பழைய ரைசன் 5 3600ஐக் கழற்றிவிட்டு, போர்டின் பயோஸை (அதன் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து, 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி போடலாம், கிடைத்தால். அவற்றில் 96 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) இருக்கிறது, சிமுலேட்டருக்கு அது நன்றாகவே பிடிக்கும். நாலாம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர் கார்ட்டை மட்டும் மாற்ற நினைப்பது வீண். 2024 பதிப்புக்கு மைக்ரோசொப்ட் சொல்லும் குறைந்தபட்சமே ரைசன் 5 2600எக்ஸ் அல்லது ஐ7 6800கே.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து வரும் பிரேம் ஜெனரேஷன், இரண்டு பிரேம்களுக்கு நடுவே தானே ஒன்றைச் செய்து செருகும். அதற்குப் புரொசசரின் தயவு தேவையில்லை, அதனால் மெயின் திரெட் தடுக்கும் இடத்திலும் திரையில் ஓட்டம் சீராகத் தெரியும். இதனால் வரும் தாமதம் துப்பாக்கிக் கேம்களில் எரிச்சல் தரும். விமானத்தில் அவ்வளவு தெரியாது. ஆனால் அடிப்படையே 20 பிரேம் என்றால் அது 40 ஆகத் தெரிந்தாலும் கைக்குப் பாரமாகத்தான் இருக்கும். இதற்காக மட்டும் கார்ட் வாங்க நினைப்பவர், ஸ்டீமில் சொற்ப விலைக்குக் கிடைக்கும், இதே வேலையைச் செய்யும் லொஸ்லெஸ் ஸ்கேலிங் மென்பொருளை முதலில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

சரி, கார்ட்தான் தடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பெயரைப் பார்த்து வாங்குவது பிழை. கார்ட்டில் உள்ள மெமரிதான் சிமுலேட்டரில் அடிக்கடி முதலில் நிரம்பும். அது நிரம்பினால் மிச்சம் சாதாரண ரேமுக்கு வழியும், அப்போது பிரேம் படிப்படியாகக் குறைவதில்லை, தொப்பென்று விழும். கார்ட் வேகம் குறைந்ததென்று நினைப்போம், உண்மையில் இடம்தான் போதவில்லை. டாஸ்க் மேனேஜரில் டெடிக்கேட்டட் மெமரி (கார்ட்டின் சொந்த மெமரி) விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டால் டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்குங்கள். அதோடு தீர்ந்துவிட்டால் கார்ட்டே வேண்டாம். 2024 பதிப்பு 8 ஜிபியைப் பரிந்துரைக்கிறது, உயர் நிலைக்கு 12. பாவித்த கார்ட் தேடுகிறவர் 12 ஜிபி உள்ள 3060க்கும் 8 ஜிபி உள்ள 4060க்கும் நடுவே தடுமாறினால், சிமுலேட்டருக்கு என் தெரிவு 3060. பிரேம் ஜெனரேஷன் வேண்டும், 1080பி மொனிட்டர்தான் என்றால் 4060. ஆனால் 4060 எட்டு பிசிஐ லேன்களை (மதர்போர்டோடு பேசும் பாதைகள்) மட்டும் பாவிக்கும் கார்ட். மூன்றாம் தலைமுறைப் பிசிஐ உள்ள பழைய போர்டில் மெமரி நிரம்பினால் அடி இன்னும் பலமாக விழும்.

ரேமையும் பாருங்கள். ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்கோடு சிமுலேட்டர் ஓட்டிக்கொண்டு கார்ட் விலை விசாரிப்பவர்கள் குறைவில்லை.

தரை மங்கலாக, கட்டடங்கள் உருகி வழிந்ததுபோலத் தெரிவதற்கும் கார்ட்டுக்கும் சம்பந்தம் குறைவு. அது இணையத்தின் வேலை. 2024 பதிப்பு வட்டில் 50 ஜிபியோடு நின்றுகொண்டு மிச்சத்தைப் பறக்கப் பறக்க இறக்குகிறது, அதற்கு 50 எம்பிபிஎஸ் பரிந்துரை. பின்னேரம் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் 4ஜி ரவுட்டரில் அது கிடைப்பது கஷ்டம், டேட்டாவும் கரையும். அப்புறம், தனியாக ஆட்-ஆன் சீனரி போடாவிட்டால் நல்லூர்க் கோபுரம் கோபுரமாகத் தெரியப்போவதில்லை, எந்தக் கார்ட்டாலும் அதைக் கட்டித்தர முடியாது.

நம் ஊரில் இன்னொரு விசயம், பாவித்த ஆபிஸ் கொம்பியூட்டர்கள். சின்னப் பெட்டி, பெரிய கொம்பனிப் பெயர், மலிவு. உள்ளே திறந்தால் பவர் சப்ளை அந்தக் கொம்பனிக்கே உரிய அளவில் இருக்கும், கார்ட்டுக்கான 8 பின் வயரே இருக்காது. ஸ்லொட்டிலிருந்து கிடைப்பது 75 வாட் மட்டும். 170 வாட் 3060ஐ அதில் போட முடியாது. சாதாரண கேஸ்களிலும் கேஸோடு சும்மா வந்த பவர் சப்ளையில் '500 வாட்' என்று எழுதியிருப்பதை நான் நம்பமாட்டேன். கார்ட்டுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கு நல்ல சப்ளைக்குப் போகட்டும். யுபிஎஸ்ஸும் கணக்கில் வர வேண்டும். 650 விஏ என்பது 650 வாட் அல்ல, அது அனேகமாக 400க்கும் கீழே. மொனிட்டரையும் சேர்த்துப் பாருங்கள், கரண்ட் போன உடனே யுபிஎஸ்ஸும் கத்திக்கொண்டு விழுந்தால் அது இருந்து பயன் இல்லை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால், வாங்க முன் பழைய கார்ட்டின் தூசியைத் தட்டி, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்ட கார்ட்டையும் வயசாகிப்போன கார்ட்டையும் பிரித்தறிவது கஷ்டம்.

பாவித்தது வாங்குபவர்கள் 'மைனிங் கார்ட்' என்ற சொல்லுக்கே பயப்படுகிறார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்ட்களை இரவு பகலாக ஓட்டி நாணயம் தேடும் மைனிங்கைக் கைவிட்டதோடு உலகெங்கும் அப்படியான கார்ட்கள் குவியலாக வெளியே வந்தன, எல்லாமே குப்பை அல்ல. விசிறி சத்தம் போடுகிறதா, அரை மணி நேரம் முழுச் சுமையில் தாங்குகிறதா என்று விற்பவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதைவிடப் பயப்பட வேண்டியது போலி. பழைய சிப்பில் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பார்கள். கார்ட்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் அப்படிப்பட்ட பல கார்ட்களின் பெயருக்கு முன்னாலேயே அது 'போலி' என்று ஆங்கிலத்தில் போட்டுவிடும்.

வெளிநாட்டிலிருந்து வருவதில் விலை ஆதாயம் இருக்கலாம். வாரண்டிக்கு அனேகமாக வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், மாமா அடுத்த திருவிழாவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே கடையில் வாங்கினால், பழுதானால் கொழும்புக்கு அனுப்பித் திரும்பி வர எவ்வளவு நாள் எடுக்கும் என்று பில் போடும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.

யார் யோசிக்காமல் மாற்றலாம்? 1440பி அல்லது 4கே மொனிட்டர் வைத்திருந்து, தடக்கும் இடத்தில் 'ஜிபியு' என்றே திரும்பத் திரும்பக் காட்டுபவர். 4 ஜிபி, 6 ஜிபி கார்ட்டில் டெக்ஸ்சரை இறக்கியும் தப்ப முடியாதவர். விஆர் கண்ணாடி போட்டுப் பறப்பவர், அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் காணாது. 1080பியில் 30 பிரேம் நிலையாக வருகிறது, ஆனால் யூடியூபில் ஒருவர் 60 காட்டுகிறார் என்பதற்காக மாற்றுபவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஏடிஆர் 72ஐப் பலாலியில் இறக்க 30 தாராளம்.

வாங்கிப் பூட்டிய பிறகும் ஒரு தவறு பாக்கி இருக்கிறது. மொனிட்டர் வயரைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐயிலேயே செருகிவிட்டு, "புதுக் கார்ட் பழசைவிட மோசம்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவது. கீழே, கார்ட்டின் பின்பக்கத்திலும் ஒரு துளை இருக்கிறது.